தென்கரையில் ஒரு புள்ளி

சலவை இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்து, அதன் முதுகுத் தகட்டைக் கழற்றி, மெக்கானிக் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்ததும் மாமனார் நாற்காலியோடு வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருக்க வேண்டியவர் யாராக இருந்தாலும் அவருக்குக் குருவிக் கதை உண்டு. இணைய இணைப்பு கொடுக்க வந்தவர் கேட்டிருக்கிறார். கரையான் மருந்து அடிக்க வந்த இருவரும் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அம்மாள் ஒருவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க மறந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பக்கத்து அறையில் சாப்பாட்டு மேசையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலை. அவள் முன்னால் அச்செடுத்த கடிதம் ஒன்று கிடந்தது. பதினொரு நாளாக அதே கடிதம்தான். அலுவலகத்துக்குப் போகும்போது பையில் போகும், திரும்பும்போது பையில் வரும். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. அதன் நடுவில் 4127 என்ற எண்ணைச் சுற்றி அவளே சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள்.

"கூடத்துல மாட்டியிருக்கே படம், அது என்ன குருவின்னு தெரியுமா தம்பி?"

மெக்கானிக் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தான். "சிட்டுக்குருவியா ஐயா?"

"சிட்டுக்குருவிக்கு எவனாவது கண்ணாடி போட்டு மாட்டுவானா? நிழற்குருவி. மழைக்காட்டுல தரையிலேயே நடந்து திரியும். வெயில்ல கால் வைக்காது. கீழ எழுதியிருக்கு பாரு மூணு வார்த்தையில பேரு, மூணாவது வார்த்தை என் பேரு."

"உங்க பேரா?"

"கடைசியில லத்தீன் வால் ஒண்ணு ஒட்டியிருக்கும். விஞ்ஞானத்துல அப்படித்தான். வாலைத் தள்ளிட்டுப் படி."

"வால் அவருக்குப் பிறக்கும்போதே இருந்ததுப்பா," என்றது சமையலறையிலிருந்து மாமியாரின் குரல். "அவங்க பெரியவர் கண்டுபிடிச்சு எழுதிட்டார், அவ்வளவுதான்."

மாமனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐம்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆற்றங்கரைக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்யும் வேலை. தோலை உரித்து, சதையை நீக்கி, பஞ்சடைத்து, இறகு கலையாமல் தைத்து, காலில் சீட்டுக் கட்டி வைப்பவர். அந்த வருஷம் பெரியவரோடு ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று காட்டுக்குள் ஆறு மாதம் போனது. பெரியவர் என்றால் அப்போதைய பறவைப் பிரிவுத் தலைவர். இறந்து முப்பது வருஷமாகியும் அவரை அந்த வீட்டில் வேறெப்படியும் யாரும் சொன்னதில்லை.

"விடியற்காலம். பனி விலகல. கூடாரத்தைப் பிரிச்சு மூட்டை கட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்கு மட்டும் புதர்ல ஒரு சத்தம். யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. உள்ள நுழைஞ்சு அசையாம நின்னேன். கொசு கண்ணுக்குள்ள போகுது, நான் இமைக்கல. ஒரே குண்டு. பொடிக் குண்டு, இறகு கெடாது. தொண்டை பாத்தா பாலாட்டம் வெள்ளை."

"அப்புறம்?" மெக்கானிக் ஒரு குழாயை உருவி வாளிக்குள் விட்டான். பழுப்புத் தண்ணீர் இறங்கியது.

"காகிதத்தைக் கூம்பு மாதிரி சுருட்டி, தலை கீழா உள்ள இறக்கி வச்சுக்கிட்டேன். படகு ஏறினோம். நடு ஆத்துல படகுக்குள்ள தண்ணி. பெட்டியெல்லாம் நனையுது. பெரியவர் நோட்டைத் தூக்கித் தலைமேல வச்சுக்கிட்டார். நான் குருவியைத் தலைமேல வச்சு, அதுக்குமேல தொப்பியைப் போட்டுக்கிட்டேன். அக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் கழுத்தைத் திருப்பலயே. இறங்கினதும் பெரியவர் கேட்டார், 'என்னடா, கழுத்துப் பிடிச்சுக்கிச்சா?'ன்னு. தொப்பியை எடுத்துக் காட்டினேன்."

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். மெக்கானிக்கும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, கையிலிருந்த அழுக்குப் பம்ப்பைத் திருப்பிப் பார்த்தபடி, பேச்சோடு பேச்சாகக் கேட்டான்:

"அப்போ குருவியை இந்தக் கரையிலேயே பிடிச்சிட்டுத்தான் படகு ஏறினீங்க, இல்லையா ஐயா?"

மருமகள் நிமிர்ந்தாள்.

மாமனார் குனிந்து வாளியைப் பார்த்தார். சமையலறையில் கரண்டி நின்றது. மாமனார் கதை சொல்லும்போது மூச்சு வாங்க நின்று அவள் பார்த்திருக்கிறாள், இருமலுக்காக நின்று பார்த்திருக்கிறாள். கேள்விக்காக நின்று பார்த்ததில்லை.

"அந்தப் பம்ப்புல என்னப்பா கோளாறு?" என்றார் கடைசியில்.

"இது போயிடுச்சு ஐயா. ஒரு ஊசி, ஒரு சட்டைப் பித்தான், ரெண்டு காசு, எல்லாம் உள்ள இருக்கு. வேற பம்ப்பு வரணும். வியாழக்கிழமை எடுத்துட்டு வரேன்."

"வியாழக்கிழமையா? சரி, வா," என்று சொல்லி அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதைக்குப் பின்னால் ஒரு கடைசிப் பகுதி உண்டு. பெரியவர் அவரை அறைக்குக் கூப்பிட்டுப் பெயர் வைத்த செய்தியைச் சொன்னது. அதை அவர் சொல்லவில்லை.

அவள் அந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம். அதற்கு முன்பே, பறவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெற இருந்த அவரிடம் தோல் வைக்கும் இழுப்பறைகளின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்ட நாளிலேயே கதையை முதல் முறை கேட்டுவிட்டாள். அவருடைய மகனைச் சந்தித்தது பிற்பாடு. ஆக, கணவனைவிடக் குருவி அவளுக்கு மூத்த உறவு. இருநூறு முறையாவது கேட்டிருப்பாள். கேட்டுக் கேட்டு, சொல்லை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. குரல் ஏறுகிறதா, சரி, படகு வந்துவிட்டது, இறங்குகிறதா, தொப்பி. காலைப் பனியில் சுட்ட பறவை எதற்காகப் படகில் ஏற வேண்டும் என்று பறவைகளையே தொழிலாகக் கொண்ட அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவனுக்குத் தோன்றியது.

மூன்று வருஷமாக அவள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். நிழற்குருவி ஒரே இனம் என்றுதான் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. வடகரைக் காட்டில் இருப்பதற்குத் தொண்டை வெள்ளை, தென்கரைக் காட்டில் இருப்பதற்குத் தொண்டை துருநிறம். ஆற்றின் அகலம் முக்கால் மைல். வெயில் விழுந்த இடத்தில் கால் வைக்கவே கூசும் பறவை முக்கால் மைல் திறந்த வெளிச்சத்தைத் தாண்டிப் பறக்காது. இரண்டும் எத்தனையோ ஆயிரம் வருஷமாக ஒன்றையொன்று பார்த்ததில்லை. குரல் வேறு, பாட்டு வேறு. தென்கரைக் குருவியின் பாட்டைப் பதிவு செய்து வடகரையில் ஒலிக்க விட்டால் அங்கிருக்கும் ஆண் குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூச்சி பொறுக்கிக்கொண்டே போய்விட்டது. அதை எழுதிய அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். இருநூற்றுப் பதினான்கு தோல்களை அளந்து, ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்து, இவை இரண்டு தனி இனங்கள் என்று கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினாள்.

வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் ஆற்றுக்கு வடக்கே. துருநிறப் புள்ளிகள் எல்லாம் தெற்கே. தெற்கில், கரையை ஒட்டி, ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் 4127.

அந்த ஒரு தோலை வைத்துத்தான் பெரியவர் அன்றைக்குத் தென்கரை வெள்ளைத்தொண்டை என்று ஒரு துணையினத்தை வகுத்து, அதற்குப் பாடம் செய்தவரின் பெயரைச் சூட்டினார். அந்த ஒரு தோலை வைத்துத்தான் இரண்டு கரையிலும் வெள்ளை உண்டு, ஆகவே எல்லாம் ஒரே இனம் என்றும் முடிவு கட்டினார். இப்போது கடிதம் எழுதிய மதிப்பீட்டாளர் மரியாதையாகவே கேட்டிருந்தார். ஆறுதான் எல்லை என்றால் இந்தக் குருவி எப்படித் தெற்கே வந்தது? இது வந்தது என்றால் மற்றவையும் வந்திருக்கும், கலந்திருக்கும். கலந்திருந்தால் இரண்டு இனம் என்று எப்படிச் சொல்வது? இதற்கு விளக்கம் கிடைத்தால் கட்டுரையை ஏற்கலாம். இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

விளக்கம் கூடத்துச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழேதான் மாமனார் தினமும் செய்தித்தாள் படிப்பார். விளக்கம் சரியென்றால் 4127 சாதாரண வடகரைக் குருவி. வடகரைக் குருவிக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் இருக்கிறது. ஒரே பறவைக்கு இரண்டாவது பெயர் செல்லாது. அதாவது, அவள் கட்டுரை நின்றால் அவர் பெயர் போய்விடும். அவர் பெயர் நின்றால் அவள் கட்டுரை போய்விடும்.

திங்கட்கிழமை அவள் அருங்காட்சியகத்தில் முதல் வேலையாக அந்தப் பயணத்தின் பதிவேட்டை எடுத்தாள். தடித்த அட்டை, நான்கு விரல் கனம். 4126 வரைக்கும் வடகரை முகாம். பக்கத்தைத் திருப்பினால் தென்கரை முகாம், முதல் வரி 4127. அந்தத் தேதியில் வேறு எந்தப் பறவையும் இல்லை. அடுத்த நாள் பதினொன்று. அடுத்த நாள் ஒன்பது. ஒரு முகாமைப் பிரித்து, ஆற்றைக் கடந்து, நனைந்த பெட்டிகளைக் காயவைத்து, புதிய கூடாரம் போட்ட நாளில் யார் துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கப் போகிறார்கள்? சீட்டில் எழுதும் வழக்கமும் அவளுக்குத் தெரியும். சுட்டவன் எழுதுவதில்லை. உரிப்பவன்தான் உரித்து முடித்து, கையைக் கழுவிவிட்டு எழுதுவான். அவன் உட்கார்ந்திருக்கும் மேசை எந்த ஊரில் இருக்கிறதோ அதுதான் ஊர். முகாம் நகராத நாளில் அதில் ஒரு தப்பும் இல்லை. ஆறு மாதத்தில் முகாம் ஆற்றைத் தாண்டியது ஒரே ஒரு முறை.

இருந்தாலும் இதெல்லாம் ஊகம். பதிவேட்டில் காலி இடத்தைக் காட்டி மதிப்பீட்டாளரைச் சம்மதிக்க வைக்க முடியாது. பிடித்தவர் சொல்ல வேண்டும். பிடித்தவர் உயிரோடு இருக்கிறார், காலையில் அவளுக்கு முன்னால் குளியலறைக்குள் புகுந்துகொண்டு அரைமணி நேரம் வெளியே வராமல் இருக்கிறார்.

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்துபவன். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டான்.

"கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி இருந்தா, ஒண்ணு கோட்டை மாத்தணும், இல்ல புள்ளியை மாத்தணும்."

"புள்ளி உங்க அப்பா."

"அதான் யோசிக்கிறேன்." சிவப்புப் பேனாவை மூடினான். "நீ கேக்கிற அன்னைக்கு முன்கூட்டியே சொல்லிடு. அன்னைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்துல ஏதாவது கூட்டம் இருக்கும்."

"மகன்னு ஒருத்தர் எதுக்கு இருக்கீங்க?"

"எனக்குக் குருவிங்க பாஷை தெரியாதும்மா. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்."

செவ்வாய்க்கிழமை கேட்கலாம் என்று நினைத்தாள். மாமனார் பல்வலி என்றார். புதன்கிழமை பத்திரிகைச் சந்தா வாங்க ஒருவர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். படத்தை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கே, நீங்க வரைஞ்சதா சார்?" என்று வேறு கேட்டார். மாமனார் கையெழுத்துப் போட்டு, சந்தாவைக் கொடுத்து, ரசீதை வாங்கி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தார். குருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் காய்ச்சல்காரர் ஒருவர் இருப்பதுபோல எல்லோரும் மெதுவாக நடந்தார்கள்.

இயந்திரம் ஓடாததால் அன்று துணியெல்லாம் கைத்துவையல். மாமியாரும் அவளும் மொட்டை மாடியில் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாகத் திருகினார்கள். நடுவில் தண்ணீர் சரம் சரமாக இறங்கியது. மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. ஆனால் திருகும் வேகத்தில் மருமகளின் மணிக்கட்டுதான் நழுவியது.

"இறுக்கிப் பிடி. எதையோ நெனச்சுக்கிட்டே இருந்தா எப்படி? கேக்கணும்னு இருக்க, கேக்க முடியல. அதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"கடுதாசியை மேசை மேல விரிச்சு வச்சுட்டுக் குளிக்கப் போற. அவருக்கு அந்த நம்பர் மனப்பாடம். எனக்கே மனப்பாடம். என் பிறந்த தேதியைக் கேளு, அவருக்குத் தெரியாது."

அவள் போர்வையை விட்டுவிட்டாள். மாமியார் தன் முனையைச் சுருட்டிக்கொண்டே நடந்து வந்து அவள் முனையையும் வாங்கிக்கொண்டார்.

"அது வடகரைக் குருவின்னு எனக்குக் கல்யாணம் ஆன மூணாவது நாளே தெரியும்."

"என்னது?"

"'உங்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்'னார். எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். அழுகையே வந்துடுச்சு. பாத்தா, குருவி எந்தக் கரைங்கிறார்! அட போங்கன்னு திரும்பிப் படுத்துட்டேன். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. நாப்பத்தாறு வருஷம் ஆச்சு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடங்காது என்று தோன்றியதால் கொடியில் கிளிப் மாட்டத் திரும்பிக்கொண்டாள்.

"நீயா போய்க் கேக்காதே," என்றார் மாமியார். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "கேட்டா, கேட்ட வேகத்துல இல்லன்னு சொல்லிடுவார். சொல்லிட்டா அப்புறம் அதைக் கட்டிக் காக்கணும். இந்த வயசுல அவருக்கு எதுக்கு அந்த வேலை? விடு. அவரும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கார். ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறார்."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே மெக்கானிக் வந்துவிட்டான். புதிய பம்ப்பு பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்தது. அவள் அலுவலகத்துக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருந்தாள். மாமனாரின் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. சீப்பு கையில் நின்றது.

"தம்பி, அன்னைக்கு என்னை ஒண்ணு கேட்டியே."

"என்னங்க ஐயா?" மெக்கானிக்கின் தலை இயந்திரத்துக்குள் இருந்தது. குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது.

"குருவியை எந்தக் கரையில பிடிச்சேன்னு."

"கேட்டேனா?"

"கேட்டே. இந்தக் கரையிலதான். வடகரை."

"சரிங்க ஐயா. அந்த வாளியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

மாமனார் வாளியைத் தள்ளினார். "சாயந்திரம் அக்கரையில உக்காந்து உரிச்சேன். கையைத் துடைச்சுட்டு, எப்பவும் போல முகாம் பேரை எழுதிட்டேன். நாலு மாசமா எழுதின கை. யோசிக்கவே இல்ல. திரும்பி வந்து ரெண்டு வருஷம் கழிச்சுப் பெரியவர் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில எங்க மாதிரி ஆளுங்க நின்னுக்கிட்டுத்தான் பேசுவோம். அன்னைக்கு உக்காருன்னார். உக்காந்தேன். அச்சுல வந்த புத்தகத்தைப் பிரிச்சு, என் பேரைக் காட்டுறார். காட்டிட்டு, ஏன் இந்தப் பேருன்னு விளக்குறார்: தென்கரையில கிடைச்ச ஒரே வெள்ளைத்தொண்டைங்கிறார். அப்பத்தான் எனக்கே உறைக்குது. அந்த நாற்காலி எனக்குப் புதுசு. உக்காந்து ஒரு நிமிஷம் ஆகல. எந்திரிச்சு, 'சார், தப்பு'ன்னு சொல்ல வாய் வரல."

"சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அம்பது வருஷமா நாளைக்குத்தான்."

மெக்கானிக் தலையை வெளியே எடுத்து அவரைப் பார்த்தான். முகத்தை முழங்கையால் துடைத்தான். "எங்க கடையிலயும் பில்லுல பழைய விலாசத்தைத்தான் போடுவாங்க ஐயா. இடம் மாறி மூணு வருஷம் ஆச்சு. கை பழக்கம்."

"அதேதான்!" மாமனார் தொடையில் தட்டிக்கொண்டார். இப்படி ஒரே வரியில் இதைச் சொல்லிவிட முடியும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்பதுபோல அந்தப் பையனைப் பார்த்தார்.

அவள் அறை வாசலுக்கு வந்து நின்றாள். தலைமுடி பாதி பின்னியபடி இருந்தது. மாமனார் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"கேட்டுட்டியா?"

"கேட்டேன் மாமா."

"எழுதிக்கிட்டியா?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்ன விஞ்ஞானி நீ? சொல்றப்பவே எழுதிக்கணும். எழுத வேண்டிய நேரத்துல சரியா எழுதாததாலதானே இத்தனையும்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "பேரு போயிடும், இல்ல?"

அவள் அவருக்குப் பக்கத்தில், மெக்கானிக் விரித்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்குப் பதினாறு நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். நீளமான பதில், பெயர் சூட்டும் விதிகள் எல்லாம் சேர்த்து. அதெல்லாம் இப்போது வேண்டியிருக்கவில்லை.

"குருவிக்கு அந்தப் பேரு இருக்காது மாமா. ஆனா பட்டியல்ல இருந்து எடுக்க மாட்டாங்க. வடகரைக் குருவியோட பேருக்குக் கீழ, இதுக்கு இப்படியும் ஒரு பேரு வச்சிருந்தாங்கன்னு இருக்கும். யாரு எப்ப எழுதினாலும் அதையும் எழுதியாகணும். அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்ல."

"அடிக்குறிப்பு."

"ஆமா."

"சின்ன எழுத்துல."

"சின்ன எழுத்துலதான்."

மாமியார் தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வந்தார். "சின்ன எழுத்துன்னா எனக்குக் கண்ணாடி மாத்தணும்," என்று சொல்லிவிட்டு, முதல் கோப்பையை மெக்கானிக்கிடம் நீட்டினார். மாமனார் சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படத்தைக் கழட்டணுமா?" என்றார்.

"எதுக்குக் கழட்டணும்? குருவி அதேதானே. கழட்டினா சுவர்ல ஆணி ஓட்டை வேற தெரியும்," என்றார் மாமியார்.

மெக்கானிக் தகட்டை மூடி, திருகாணிகளை முடுக்கி, பொத்தானை அமுக்கினான். இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டுத் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளத் தொடங்கியது. நான்கு பேரும் தேநீரோடு நின்று அதைப் பார்த்தார்கள்.

மறுநாள் அவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் அங்கே அதிகம் வந்ததில்லை. வாயிற்காவலர் புதியவர், பெயர், வந்த காரணம் எல்லாம் எழுதச் சொன்னார். மாமனார் காரணம் என்ற இடத்தில் "திருத்தம்" என்று எழுதினார். பறவை அறைக்குள் நுழைந்ததும் மூக்கை உயர்த்தி, "பூச்சி உருண்டையைக் குறைச்சுட்டீங்க," என்றார்.

"இப்ப குளிர வச்சுப் பூச்சியைக் கொல்றோம் மாமா."

"அதான் வாசனையே இல்ல."

தென்கரை அலமாரியின் ஏழாவது இழுப்பறையை அவள் திறந்தாள். துருநிறத் தொண்டைகள் மல்லாந்து வரிசையாகக் கிடந்தன, கண்ணில் பஞ்சு, குறுக்காகக் கட்டிய கால்களில் சீட்டு. வரிசையின் கடைசியில் ஒரே ஒரு வெள்ளை. அவர் அதை எடுக்கச் சொல்லி அவளிடம் கைநீட்டவில்லை, தானே எடுத்தார். கட்டை விரலால் வயிற்றுத் தையலைத் தடவிப் பார்த்தார். "நல்லா தச்சிருக்கேன், பாத்தியா? தொப்பிக்குள்ள இருந்ததால இடது பக்கம் கொஞ்சம் நசுங்கிச்சு. ஊசி முனையால ஒவ்வொரு இறகா நிமித்தினேன்."

அவர் சொன்னதை அவள் எழுதிய வாக்குமூலத்தில் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். அதன் நகல் அன்று மாலை மதிப்பீட்டாளருக்குப் போகும். அவர் ஏற்பாரா, வயதானவரின் நினைவு என்று ஒதுக்குவாரா, தெரியாது. அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று அவளுக்கு நினைவிருந்தது; கவலைதான் வரவில்லை.

பழைய சீட்டை எடுக்கக்கூடாது என்பது அங்கே விதி. எவ்வளவு பெரிய தப்பாக இருந்தாலும் அது காலிலேயே இருக்கும். திருத்தத்தைப் புதுச் சீட்டில் எழுதி அதே காலில் சேர்த்துக் கட்ட வேண்டும். அவள் வெற்றுச் சீட்டையும் பேனாவையும் கொடுத்தாள். அவர் மேசையில் குனிந்து, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதினார். எழுத்து பழைய சீட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் வளைவுகள் அதேதான். வடகரை. காலையில் பிடித்தது. மாலையில் அக்கரையில் உரித்தது. பிடித்தவரும் உரித்தவரும் நானே. தேதி போட்டார். நூலை இரண்டாகச் சுற்றி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்தார்.

"இதை எங்க வைக்கணும்?"

"எதிர் அலமாரி மாமா. மூணாவது இழுப்பறை."

இரண்டு அலமாரி வரிசைகளுக்கும் நடுவில் ஆறடி நடைபாதை. அதன் கோடியில் ஜன்னல். ஜன்னல் மறைப்பில் ஒரு பட்டை உடைந்துபோய், மாற்றித் தரச் சொல்லி அவள் இரண்டு முறை எழுதியும் வராததால், காலையில் பத்து மணிக்கு நடைபாதை நெடுகத் தரையில் ஒரு முழம் அகலத்துக்கு வெயில் விழும். அவள் முன்னால் போய் மூன்றாவது இழுப்பறையை இழுத்துத் திறந்து, வெள்ளைத் தொண்டைகளை நகர்த்தி, ஒரு குருவிக்கு இடம் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் வலது உள்ளங்கையில் குருவியோடு வெயிலின் ஓரம் வரை வந்து நின்றிருந்தார். இடது கையைக் குவித்து அதன் மேல் மெல்ல மூடினார். கழுத்தைத் திருப்பாமல், நேராகப் பார்த்தபடி, வெளிச்சத்துக்குள் காலெடுத்து வைத்தார்.